பாரிஷ் கவுன்சிலிடம் எதைக் கேட்கலாம்? வாசகர் கேள்வி – பதில்

நான் எங்கள் ஊர் பாரிஷ் கவுன்சிலில் (நம்மூர் கிராமப் பஞ்சாயத்து மாதிரி) உறுப்பினராக இருப்பதைப் போன இதழில் ஒரு வரி எழுதப்போக, கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆஸ்பத்திரி வேலை, முதியோர் இல்ல வேலை, கடை என்று இங்கிலாந்தின் கிராமப்பக்கம் குடிபோன நம் ஆட்கள் இத்தனை பேர் இருப்பது எனக்கே தெரியாது. எல்லோருக்கும் பதில் எழுத இடமில்லை, அதனால் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, பாரிஷ் என்றாலே சர்ச் விஷயம்தானே? நாங்கள் இந்துக்கள். கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தால் ஏதாவது நினைப்பார்களா? – வாசகி, ஹெரிஃபோர்ட்ஷயர்

பதில்: ஒன்றும் நினைக்க மாட்டார்கள், தாராளமாகப் போங்கள் தங்கச்சி. பெயர்தான் சர்ச்சிலிருந்து வந்தது. 1894ஆம் ஆண்டுச் சட்டம் ஊர் நிர்வாகத்தைச் சர்ச்சிடமிருந்து பிரித்து, ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் கவுன்சிலிடம் கொடுத்துவிட்டது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டே இல்லாத அந்தக் காலத்தில், கல்யாணமான பெண்களும் இந்தக் கவுன்சில்களுக்குப் போட்டியிடலாம் என்று வழிவிட்டதும் அதே சட்டம்தான். இன்று இங்கிலாந்தில் பாரிஷ் கவுன்சில், டவுன் கவுன்சில் எல்லாம் சேர்த்துச் சுமார் 10,000 இருக்கின்றன. ஊரில் வேறு ஹால் இல்லை என்பதால் சில இடங்களில் கூட்டம் சர்ச் ஹாலில் நடக்கும், அவ்வளவுதான். கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், அது சட்டம் கொடுத்த உரிமை.

கேள்வி: எங்கள் வீட்டு வாசலில் ரோட்டில் பெரிய பள்ளம். போன மாதம் கார் டயரே போய்விட்டது. பாரிஷ் கிளார்க்குக்கு மூன்று மெயில் போட்டும் பள்ளம் அப்படியே இருக்கிறது. இவர்கள் எதற்குத்தான் இருக்கிறார்கள்? – லிங்கன்ஷயர் வாசகர்

பதில்: கோபம் நியாயம்தான் தம்பி, ஆனால் கடிதம் போன இடம் தப்பு. ரோடு, பெரிய பரப்பைப் பார்க்கும் கவுண்டி கவுன்சிலுடையது. குப்பை அள்ளுவதும் வீடு கட்ட அனுமதி கொடுப்பதும் அதைவிடச் சிறிய பரப்பைப் பார்க்கும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். (சோமர்செட், நார்த் யார்க்ஷயர் மாதிரி இடங்களில் 2023 ஏப்ரலிலிருந்து இரண்டும் ஒரே கவுன்சிலாகிவிட்டன.) பாரிஷ் கையில் இருப்பது விளையாட்டுத் திடல், பெஞ்சு, பஸ் நிழற்குடை, ஊரார் காய்கறி பயிரிட வாடகைக்கு விடும் துண்டு நிலங்கள், சில ஊர்களில் கல்லறைத் தோட்டம், தெருவிளக்கு, புல் வெட்டுகிற வேலை.

பள்ளத்தைப் படம் எடுத்து, பக்கத்தில் ஒரு அளவுகோலோ செருப்போ வைத்து ஆழம் தெரிகிற மாதிரி, கவுண்டியின் இணையதளத்தில் புகார் போடுங்கள். புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். டயருக்கு நஷ்டஈடு கேட்கிறீர்கள் என்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: ரோட்டை ஒழுங்காகச் சோதித்துத்தான் வந்தோம், இந்தப் பள்ளம் எங்கள் கவனத்துக்கு வரவில்லை என்று கவுண்டி வாதாட 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆகவே உங்களுக்கு முன்பே யாராவது அதே பள்ளத்தைப் புகார் செய்திருந்தால் உங்கள் வழக்கு பலமாகும். அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். அப்புறம், பாரிஷ் கிளார்க் உங்கள் மெயிலுக்கு ஒரு வரி பதிலாவது போட்டிருக்க வேண்டும், அதில் உங்கள் பக்கம்தான் நான்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள வயலில் 14 வீடுகள் கட்டப்போகிறார்களாம். பாரிஷ் கவுன்சில் 'வேண்டாம்' என்று சொன்னால் நின்றுவிடுமா? நாங்கள் என்ன எழுதுவது? – வாசகி, டெவன்

பதில்: நிற்காது. மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டுமானால் 'நிற்கலாம்' என்று எழுதியிருப்பேன், ஆனால் உண்மையைச் சொன்னால்தான் உங்களுக்குப் பிரயோஜனம். பாரிஷ் கருத்து மட்டும்தான் சொல்லும், முடிவெடுப்பது டிஸ்ட்ரிக்ட்டின் திட்டமிடல் பிரிவு. கருத்துச் சொல்லப் பெரும்பாலும் 21 நாள்தான் அவகாசம், அதற்குள் பாரிஷ் கூட்டம் வராமலும் போகலாம். எனவே கவுன்சில் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காமல் நீங்கள் நேராக டிஸ்ட்ரிக்ட்டுக்கும் எழுதுங்கள்.

என்ன எழுதுவது என்பதில்தான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். 'எங்கள் ஜன்னல் வழியே தெரிகிற மலை மறைந்துவிடும்', 'வீட்டு விலை விழுந்துவிடும்' என்று மனம் நொந்து இரண்டு பக்கம் எழுதுவார்கள். அந்த இரண்டையும் சட்டம் கணக்கில் எடுக்காது. கணக்கில் வருவது வேறு: புது வீட்டின் மாடி ஜன்னல் உங்கள் படுக்கையறையை நேராகப் பார்க்கிறதா, வெளிச்சம் போகிறதா, ரோட்டில் அத்தனை கார் ஓட இடமிருக்கிறதா, மழைத்தண்ணீர் எங்கே போகும், மரங்களும் பறவைகளும் என்ன ஆகும், உள்ளூர்த் திட்ட ஆவணம் அந்த நிலத்தைப் பற்றி என்ன சொல்கிறது.

எங்கள் ஊரில் இப்படி ஒரு விண்ணப்பம் வந்தபோது கூட்டத்தில் முப்பது பேருக்கு மேல் நின்றுகொண்டே பேசினார்கள், பாதிப்பேர் கோபமாக. கடைசி வரிசையில் ஒரு பெரியவர், வாயே திறக்காமல் இருந்தவர், நான்கு படங்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மூன்று வெவ்வேறு வருடத்து ஜனவரி. அதே சந்து முனை, முழங்கால் தண்ணீர், ஒரு படத்தில் பச்சை மூடி போட்ட குப்பைத் தொட்டி சாய்ந்து மிதக்கிறது. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி எழுதியிருந்தார். எங்கள் பதிலோடு அந்தப் படங்களைத்தான் அனுப்பினோம். வடிகாலுக்கு என்ன வழி என்று டிஸ்ட்ரிக்ட் கேட்டுத் திருப்பி அனுப்பியது. பிறகு வீடுகள் வந்தன, அதை நான் மறைக்கவில்லை, ஆனால் எண்ணிக்கை குறைந்து, மேட்டுப்பக்கமாகத் தள்ளி, தண்ணீர் தேங்க ஒரு குட்டையும் வெட்டி வந்தன. அதனால் இன்றே உங்கள் போனில் பழைய படங்களைத் தேடுங்கள்.

இன்னொன்று. 2011 லோக்கலிசம் சட்டப்படி உங்கள் ஊருக்கென்று ஒரு நெய்பர்ஹுட் பிளான் (எங்கே என்ன கட்டலாம் என்று ஊரே வகுக்கும் திட்டம்) நிறைவேறியிருந்தால் டிஸ்ட்ரிக்ட் அதையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கட்டடக்காரரிடம் அடிப்படை வசதி வரி வசூலிக்கும் டிஸ்ட்ரிக்ட்டாக இருந்தால், உங்கள் ஊரிலிருந்து வரும் தொகையில் 25 சதவீதம் பாரிஷுக்கு வரும். பிளான் இல்லாத ஊருக்கு 15 சதவீதம்தான். உங்கள் ஊரில் பிளான் இருக்கிறதா என்று கிளார்க்கிடம் கேளுங்கள்.

கேள்வி: கவுன்சில் டாக்ஸ் பில்லில் பாரிஷ் என்று தனியாக ஒரு தொகை. கணக்குக் காட்டுவார்களா? – வாசகர், கென்ட்

பதில்: காட்டித்தான் ஆக வேண்டும். அந்தத் தொகைக்குப் பெயர் பிரிசெப்ட், பாரிஷ் முடிவுசெய்து டிஸ்ட்ரிக்ட் வழியாக வசூலிப்பது. ஒவ்வொரு வருடமும் 30 வேலை நாட்களுக்குக் கணக்கைத் திறந்து வைக்க வேண்டும், ஜூலை மாதத்தின் முதல் 10 வேலை நாட்கள் கட்டாயம் அதில் அடக்கம். பில், ரசீது, ஒப்பந்தம் எல்லாம் கேட்டுப் பார்க்கலாம். கூச்சப்படாதீர்கள் ஐயா, அது உங்கள் காசு.

கேள்வி: எங்கள் ஊர் சிவப்பு டெலிபோன் கூண்டுக்குள் டெலிபோன் இல்லை, ஒரு மஞ்சள் பெட்டி பூட்டி வைத்திருக்கிறது. இதயம் நின்றால் பயன்படுத்துவது என்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் தொடலாமா? – சஃபோக் வாசகி

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம். அது டிஃபிப்ரிலேட்டர், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி. தொடலாம், தொட வேண்டும். 999 அழைத்ததும் பெட்டியின் கடவு எண்ணை அவர்களே சொல்வார்கள். திறந்து 'ஆன்' செய்தால் கருவியே எங்கே ஒட்ட வேண்டும், எப்போது விலக வேண்டும் என்று பேசி வழிநடத்தும். இதயத்துக்கு அதிர்ச்சி தேவையில்லை என்றால் அது கொடுக்காது, நீங்கள் தப்பாக அழுத்திவிடுவோமோ என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கருவியை எடுத்துவர இன்னொருவரை அனுப்புங்கள், நீங்கள் நெஞ்சை அழுத்துவதை நிறுத்தாதீர்கள்.

பயன்பாடு குறைந்த கூண்டுகளை ஊர்களுக்கு 1 பவுண்டுக்குத் தத்துக் கொடுக்கும் திட்டத்தை பிடி (BT) தொலைபேசி நிறுவனம் 2008இல் தொடங்கியது. எங்கள் பாரிஷும் அப்படி ஒன்றை வாங்கியது. மாதத்தின் முதல் சனிக்கிழமை அதைப் பார்க்கும் முறை என்னுடையது. கதவு பயங்கர கனம், தோளைக் கொடுத்து இழுக்க வேண்டும். உள்ளே சிலந்தி வலையைத் துடைத்து, கருவியில் பச்சை விளக்கு எரிகிறதா, ஒட்டும் பேடின் உறையில் காலாவதித் தேதி தாண்டிவிட்டதா என்று பார்த்து, கொக்கியில் தொங்கும் நோட்டில் கையெழுத்துப் போடுவேன். இரண்டு நிமிட வேலை. உங்கள் ஊரில் இதை யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள். 'தி சர்க்யூட்' என்ற தேசியப் பதிவேட்டில் உங்கள் பெட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பதிவில் இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு அது அங்கே இருப்பதே தெரியாமல் போகலாம்.

கேள்வி: அக்கா, நான் யாழ்ப்பாணத்தான், இங்கே எங்கள் கிராமத்தில் கடை வைத்திருக்கிறேன். ஐஎல்ஆர் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) கிடைத்து இரண்டு வருஷம், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இன்னும் இல்லை. கவுன்சிலில் ஒரு இடம் காலி என்று பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். நான் கேட்கலாமா? – சோமர்செட் வாசகர்

பதில்: கேட்கலாம் தம்பி, கேளுங்கள். இலங்கை, இந்தியா இரண்டும் காமன்வெல்த் நாடுகள், ஐஎல்ஆர் இருக்கிற காமன்வெல்த் குடிமக்கள் போட்டியிடலாம். (வேலை விசாவில் இருப்பவர்கள் நிற்க முடியாது, ஆனால் ஓட்டுப் போடலாம். பதிவு செய்யாமலேயே இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.) 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அதோடு நீங்கள் அந்த ஊர் வாக்காளராகவோ, கடந்த 12 மாதம் ஊரிலோ மூன்று மைல் சுற்றளவிலோ வசித்தவராகவோ, அதே 12 மாதமும் உங்கள் முக்கிய வேலை அந்த ஊரில் நடந்ததாகவோ இருந்தால் போதும். கடையை ஒரு வருஷமாவது நடத்தியிருந்தால் அது ஒன்றே உங்களுக்குப் போதும்.

நோட்டீஸ் ஒட்டிய 14 வேலை நாட்களுக்குள் பத்து வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் தேர்தல் நடக்கும். கேட்காவிட்டால் கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். நானும் அப்படி வந்தவள்தான். கிளார்க்குக்கு நாலு வரி எழுதுங்கள், கடை எத்தனை வருஷமாக நடத்துகிறீர்கள், ஊருக்கு என்ன வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று. நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தைக் கூட்டத்தில் முடிவெடுக்க முடியாது, நிரலையோ மூன்று முழு நாட்களுக்கு முன்பே வெளியிட்டுவிட வேண்டும். அதனால் கடிதம் அடுத்த கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாவது போய்ச் சேரட்டும். கூட்டத்தன்று கடையைப் பார்த்துக்கொள்ள யாரையாவது இப்போதே சொல்லி வையுங்கள்.