பங்க்குக்குப் பக்கத்தில் ரெகே

கேள்வி: பங்க் (வேகமான முரட்டு ரொக் இசை), ஃபங்க் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஆட்ட இசை), ரெகே (ஜமேக்கா இசை) மூன்றையும் ஒரே வானொலி நிகழ்ச்சியில் தொகுத்து வழங்க விரும்புகிறேன். நேயர்கள் குழம்பிவிடுவார்களா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: குழம்பமாட்டார்கள். பைலாவுக்கும் கானாவுக்கும் ஒரே திருமண வீட்டில் ஆடிப் பழகிய கொழும்பு நேயர்களை நம்புங்கள். 1977இல் லண்டன் றொக்ஸி மன்றத்தில், பங்க் இசைத்தட்டுகள் மிகச் சிலவே வெளிவந்திருந்தமையால், இசைக்குழுக்கள் மாறும் இடைவேளைகளில், அங்கு இசைத்தட்டுகளைச் சுழலவிட்ட டொன் லெட்ஸ் ரெகேயையே ஒலிக்கவிட்டார். பங்க் இளைஞர்களும் அதை விரும்பிக் கேட்டார்கள். ஆகவே அவ்விரண்டையும் தயங்காமல் அடுத்தடுத்து வையுங்கள்.

ஃபங்க்கிலிருந்து ரெகேக்கு மாறும்போதுதான் கவனம் வேண்டும். ஃபங்க்கின் முன்னோடியான ஜேம்ஸ் பிரவுண், தாளத்தின் நான்கு தட்டுகளில் முதலாவதையே அழுத்துவார். ரெகேயின் 'வன் ட்ரொப்' தாளத்திலோ முதல் தட்டு வெறுமையாக விடப்பட்டு, மூன்றாவதில்தான் முரசு விழும். தாளம் போடும் கால் அங்கே தடுமாறும் என்பதால், முதற்பாடலை மெல்லத் தணித்து, அடுத்ததைப் பாடியவரையும் ஊரையும் ஆண்டையும் நிதானமாகச் சொல்லிவிட்டு ஒலிக்கவிடுங்கள்.