ஊருக்குள் இருக்கும் குட்டி விமான நிலையத்தை நகராட்சி மூடிவிட்டு அங்கே வீடு கட்டினால் என்ன?

கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, விமான நிலையம் பக்கத்தில் புதுசாக வீடு வாங்கியிருக்கிறீர்கள், சனி ஞாயிறு தூக்கம் போய்விட்டது. நான் கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ நகராட்சியின் விமான நிலையத்தில் பிளேன் ஓட்டப் பழகுகிறவன், அதனால் ஒரு பக்கமாகத்தான் பேசுவேன்.

"பணக்காரன் விளையாடுவதற்கு நகராட்சி ஏன் காசு கொட்டணும்" என்று கேட்க இப்போதே யாராவது தயாராக இருப்பார்கள். ஐயா, நான் ஓட்டுவது என்னைவிட வயதான செஸ்னா 172 என்கிற குட்டி பிளேன், மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஓடுபாதையே 2,443 அடிதான், நீங்கள் நினைக்கிற பெரிய ஜெட்டெல்லாம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. ராத்திரி மழை பெய்திருந்தால் காலையில் இறக்கைக்கு அடியில் குனிந்து, ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியில் பெட்ரோலைக் கொஞ்சம் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்க்கணும். வெளிர் நீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியே உருண்டு நிற்கும், அது போகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே இருக்கணும். ஒரு தடவை அப்படி நின்றதைக் காட்டினேன், சொல்லிக்கொடுக்கும் அம்மா (எழுபது வயதாவது இருக்கும்) "நல்லது, இன்னும் பிடி" என்று மட்டும் சொல்லிவிட்டு காபி குடிக்கப் போய்விட்டார். நாளைக்கு உங்களை ஊருக்குக் கூட்டிப்போகிற பைலட்டும் இப்படி எங்கேயோ குப்பியோடு குனிந்து நின்றவராகத்தான் இருப்பார்.

அந்த நீலப் பெட்ரோலில் ஈயம் இருக்கிறது, உண்மை, அதற்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். பக்கத்து ஊர் சான் ஹோசேயின் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் 2022-லேயே அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள், கலிபோர்னியா முழுக்க 2031-லிருந்து தடை.

சரி, கேள்விக்கு வருகிறேன். நகராட்சிக்குச் சொந்தம் என்பதற்காக நினைத்த மாத்திரத்தில் மூடிவிட முடியாது. மத்திய அரசிடம் மானியம் வாங்கியிருந்தால், விமான நிலையமாகவே நடத்துவோம் என்று எழுதிக்கொடுத்திருப்பார்கள். கலிபோர்னியாவிலேயே சான்டா மோனிகா நகராட்சி வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைந்து, 2017-ல் சமரசமாகி, 2028 முடிந்த பிறகு மூடிக்கொள்ளலாம் என்று ஒப்புதல் வாங்கியிருக்கிறது. சிகாகோ மேயர் டேலிக்கு அவ்வளவு பொறுமை இல்லை, 2003 மார்ச் 30 நள்ளிரவில் புல்டோசர்களை அனுப்பி மெய்க்ஸ் ஃபீல்டு என்கிற நகராட்சி விமான நிலையத்தின் ஓடுபாதையில் பெரிய பெரிய எக்ஸ் குறியாகத் தோண்டிப் போட்டுவிட்டார். அங்கே மாட்டிக்கொண்ட பிளேன்கள் அப்புறம் டேக்ஸிவேயிலிருந்துதான் (ஓடுபாதைக்குப் போய்வருகிற பக்கவழி) கிளம்பிப் போயின. அபராதம் வெறும் 33,000 டாலர். அங்கே வந்ததும் பூங்காதான், வீடு இல்லை.

சத்தம்தான் பிரச்சினை என்றால், எங்கள் அபார்ட்மென்டில் வாராவாரம் காலை ஏழு மணிக்கு முதுகில் மிஷினை மாட்டிக்கொண்டு இலை ஊத வருகிறார்களே, அதை யாரும் கேட்பதில்லை. இவர் அந்தப் பக்கம் ஊதித் தள்ளுவார், அடுத்த பில்டிங் ஆள் அதையே திரும்ப இந்தப் பக்கம் தள்ளுவார். மேனேஜ்மென்டுக்கு எத்தனை ஈமெயில் போட்டாலும் "உங்கள் கருத்துக்கு நன்றி"தான். வாடகையை மட்டும் வருஷா வருஷம் ஏற்றத் தெரிகிறது.