சரிபார்ப்புப் படிவத்தில் 'இல்லை' என்று எழுதலாமா?

கேள்வி: எனக்கு வயது 20. இரண்டாம் நிலை சிறைக்காவலராகத் தேர்வாகியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் இதுதான் முதல் அரசு வேலை. 2022 மே மாதம், நான் ப்ளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது, வரப்புத் தகராறில் பெரியப்பா பொய்ப் புகார் கொடுத்தார். அப்பா, அண்ணன், நான் மூன்று பேரும் எஃப்.ஐ.ஆரில் இருக்கிறோம். இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகள் 294(பி) (ஆபாசமாகத் திட்டியது), 323 (அடித்தது), 506(1) (மிரட்டியது). நான் சண்டையை விலக்கத்தான் போனேன். கைது செய்யவில்லை, ஸ்டேஷன் ஜாமீனிலேயே விட்டுவிட்டார்கள். வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது. இப்போது காவல்துறை சரிபார்ப்புப் படிவம் வந்திருக்கிறது. கைதாகாததால் 'வழக்கு இல்லை' என்று எழுதலாம் என்கிறார் ஒருவர். சாட்சிகளிடம் பேசிச் சீக்கிரம் விடுதலை வாங்கிவிடலாம் என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்:

தம்பி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் பெரியப்பாவைப் பற்றியது. அவர் செய்ததாக நீங்கள் சொல்வதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். வரப்பு யாருடையது, முதலில் கை ஓங்கியது யார் என்பதையெல்லாம் நியமன அதிகாரி பார்க்கப்போவதில்லை. அதை இத்தோடு விட்டுவிடுவோம்.

உங்களைக் காப்பாற்றக்கூடிய விஷயம் கடிதத்தில் இல்லை, நீங்கள் இணைத்திருந்த நகல்களில் இருக்கிறது. படிவத்தில் உங்கள் பிறந்த மாதம் நவம்பர் 2004. எஃப்.ஐ.ஆரில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'வயது 19' என்று போட்டிருக்கிறது. சம்பவம் நடந்தது 2022 மே மாதம். அன்றைக்கு உங்களுக்குப் பதினேழரை வயதுதான். இத்தனை வாய்தாவுக்கு நீதிமன்றப் படியேறி இறங்கியிருக்கிறீர்கள், இதை ஒருவரும் கவனிக்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சம்பவ நாளில் 18 வயது நிறையாதவர் மீதான வழக்கு, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும். பெரியவர்களோடு சேர்த்து உங்களை விசாரிக்க முடியாது, பிரிவு 23 அதைத் தடுக்கிறது. இளம் வயது என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம் என்கிறது பிரிவு 9. வயதுக்கு முதல் சான்று உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான். எஃப்.ஐ.ஆரில் எழுத்தர் போட்ட வயது அதன் முன் நிற்காது.

உங்கள் மீதுள்ள மூன்று பிரிவுகளுக்கும் தண்டனை மூன்று வருடத்தைத் தாண்டாது. அதனால் அவை சிறு குற்றங்கள் என்ற வகையில் வரும். குழுமம் சிறு குற்ற விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும், நீட்டித்தால் இன்னும் இரண்டு மாதம். அதற்குள்ளும் முடியவில்லை என்றால் நடவடிக்கை முற்றுப்பெறும் என்று பிரிவு 14 சொல்கிறது. ஒருவேளை குற்றம் செய்தீர்கள் என்றே குழுமம் முடிவு செய்தாலும், தண்டனையால் வரும் தகுதியிழப்பு உங்களைத் தொடக்கூடாது என்பது பிரிவு 24. மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையில் தேர்வான ரமேஷ் பிஷ்னோய் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம், சிறுவயதில் நடந்ததை வைத்து வேலையை மறுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. சிறைக்காவலர் வேலையும் சீருடை வேலைதான், அதே வாதம் உங்களுக்கும் பொருந்தும்.

சரி, சட்டம் இவ்வளவு துணை நிற்கிறதே, படிவத்தில் 'இல்லை' என்று எழுதினால் என்ன? இங்கேதான் பையன்கள் விழுகிறார்கள்.

என்னிடம் ஒரு பையன் வந்தார், உங்கள் வயதுதான். சீருடை போட்டுப் பயிற்சியில் ஏழு மாதம் முடித்திருந்தார். கையில் நீக்க ஆணை, அதோடு அவர் படிவத்தின் ஜெராக்ஸ். குற்ற வழக்கு பற்றிய கேள்விக்கு எதிரே நீல மையில் 'இல்லை' என்று அவர் கையெழுத்தில் இருந்தது. பிரவுசிங் சென்டரில் பக்கத்தில் நின்ற மாமா சொன்னபடி எழுதியிருக்கிறார். வழக்கு என்னவென்றால் திருவிழாக் கூட்டத்தில் நடந்த ஒரு தள்ளுமுள்ளு. நீக்க ஆணையில் அந்த வழக்கைப் பற்றி ஒரே ஒரு வரி. மீதிப் பக்கம் முழுக்க அவர் மறைத்ததைப் பற்றித்தான். உண்மையை எழுதியிருந்தால் அவருக்காக வாதாட எனக்கு எவ்வளவோ இருந்திருக்கும். அந்த ஒரு சொல்லுக்கு எதிராக வாதாட என்னிடம் அதிகம் இல்லை.

2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை விரிவாகப் பேசியது. இளம் வயதில் நடந்த அற்ப விஷயமாக இருந்தால், மறைத்ததைக்கூட அதிகாரி மன்னிக்கலாம் என்றது. 'மன்னிக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். அது அதிகாரியின் விருப்பம், உங்கள் உரிமை இல்லை. உண்மையைச் சொன்னாலும் உங்கள் பின்னணியைப் பரிசீலிக்கும் அதிகாரம் துறைக்கு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆனால் அந்தப் பரிசீலனை வழக்கின் தன்மையைப் பற்றியது. மறைத்துவிட்டால் உங்கள் நேர்மையைப் பற்றியதாக மாறிவிடும். நூற்றுக்கணக்கான கைதிகளின் பூட்டுச்சாவியை உங்கள் கையில் கொடுக்கப்போகிற துறை அதைச் சும்மா விடாது.

கைதாகவில்லை என்பது பதில் ஆகாது. கேள்வியை முழுசாகப் படியுங்கள். வழக்கு பதிவானதா, நிலுவையில் இருக்கிறதா என்றும் அதில் கேட்டிருக்கும். கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டாம். எஃப்.ஐ.ஆர். கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைவிட, உங்களுக்கு வேலை கிடைத்த செய்தி கேட்டதும் துறைக்கு மனு எழுதிப் போடக்கூடிய ஆள் அடுத்த வீட்டிலேயே இருக்கிறார்.

அடுத்தது சாட்சிகளைப் பிறழவைக்கும், அதாவது சொன்னதை மாற்றிச் சொல்லவைக்கும் யோசனை. இதைச் சொன்னவர் மேல் எனக்குக் கோபமே வருகிறது. அது தனிக் குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், அதனால் கிடைக்கிற விடுதலை உங்களுக்கு உதவவே உதவாது. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளில் விதி 14(பி)-க்கு ஒரு விளக்கம் இருக்கிறது. சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்கிறது அது. 2008-இல் மணிகண்டன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த விளக்கம் செல்லும் என்றது. சிறைக்காவலரையும் காவலரையும் ஒரே வாரியம் ஒரே அறிவிக்கையில்தான் தேர்வு செய்கிறது. அதனால் உங்கள் தீர்ப்பையும் அதே கண்ணோடுதான் படிப்பார்கள். 'அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவில்லை' என்ற வரியைப் பார்த்து வீட்டில் இனிப்பு கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் நிராகரிப்புக் கடிதத்தோடு வந்தவர்கள் எனக்குத் தெரியும்.

அப்பா, அண்ணன் விஷயத்தில் நேரடியாகவே சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். அந்த வரப்பை விட்டுக்கொடுங்கள். அப்பாவுக்கு இது வலிக்கும், எனக்குத் தெரியும். ஆனால் பெரியப்பா புகார்தாரராக இருக்கும் வரை உங்கள் வேலைக்கு அவரால் தொல்லை வந்துகொண்டேதான் இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதிய தாளோடு நின்றுவிடாதீர்கள். 323-ஐயும் 506(1)-ஐயும் விசாரணை நீதிமன்றத்திலேயே சமரசமாக முடிக்கலாம். 294(பி)-யை அப்படி முடிக்க முடியாது. அதனால் கூட்டு சமரச மனுவோடு உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும். அந்த மனுவில் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டாம். சமரசத்தில் முடிந்ததைச் சுத்தமான விடுதலையாகத் துறை ஏற்காமல் போகலாம், உங்களுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது.

இதையெல்லாம் செய்தும் இந்தத் தேர்வு கைவிட்டுப் போகலாம். சரிபார்ப்பு நேரத்தில் வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு கௌரவமாக, அதாவது சந்தேகத்தின் பலனால் இல்லாமல் குற்றமற்றவர் என்றே விடுதலையானால், அடுத்த தேர்வில்தான் உரிமை கோரலாம் என்றும் அதே விதி 14(பி) சொல்கிறது. உங்கள் வயதை வைத்து அதை எதிர்த்து வாதாடலாம், ஜெயிக்கும் என்று உறுதி தரமாட்டேன். ஆனால் பொதுப் பிரிவுக்கே 26 வயது வரை இடம் இருக்கிறது, உங்களுக்கு இப்போது 20. ஒரு தேர்வை இழந்தாலும் மீண்டும் எழுதலாம். மறைத்தவர் என்று ஒரு ஆணை வந்துவிட்டால் பிறகு எழுதுகிற அரசுப் படிவங்களில் கேட்டால் அதையும் சொல்லியாக வேண்டும்.

படிவத்தைக் கொடுப்பதற்கு முன்பே நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் வயது மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழின் அசலோடு போங்கள். பிறகு படிவத்தில் உங்கள் கையாலேயே இப்படி எழுதுங்கள்: 'ஆம். குற்ற எண் இது, பிரிவுகள் இவை, வழக்கு நிலுவையில் உள்ளது. சம்பவ நாளில் எனக்கு வயது 17. இளைஞர் நீதிச் சட்டப்படி மனு தாக்கல் செய்துள்ளேன், நகல் இணைப்பில்.' கட்டத்தில் இடம் போதாவிட்டால் தனித்தாள் இணையுங்கள். கொடுப்பதற்கு முன் முழுப் படிவத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.