கடன் ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். குவாசூலு-நட்டாலில் உள்ள ஒரு நகராட்சியில், வேலையின்போது காயமடையும் ஊழியர்களின் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் அலுவலராக 14 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். எங்கள் நகராட்சி அரசின் இழப்பீட்டு நிதியில் சேருவதிலிருந்து விலக்குப் பெற்றது. இழப்பீட்டையும் மருத்துவச் செலவையும் தானே கொடுக்கிறது. குப்பை வண்டியின் பின்படியிலிருந்து விழுந்து முழங்காலில் அடிபட்டதாகச் சொன்ன ஒரு தொழிலாளிக்காக, மேலாளர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி, அரசின் இழப்பீட்டு ஆணையரின் முடிவு வருவதற்கு முன்பே மருத்துவமனைக்கும் பிசியோதெரபி நிலையத்துக்கும் 186,000 ரேண்ட் செலுத்தப் பரிந்துரைத்தேன். பிறகு ஆணையர் அலுவலகம் அது பணியிட விபத்து அல்ல என்று மறுத்துவிட்டது. தணிக்கையில் அது வீண் செலவாகப் பதிவாகியிருக்கிறது. பதற்றத்தில், "என் கவனக்குறைவுதான், மன்னியுங்கள்" என்று மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். இப்போது கடன் ஒப்புதல் பத்திரம் ஒன்றைக் கொடுத்து, மாதம் 4,000 ரேண்ட் பிடித்துக்கொள்ளச் சம்மதித்து ஏழு நாளில் கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் ஒழுங்கு நடவடிக்கை என்கிறார்கள். இதே மேலாளர்தான் தைப்பூசக் காவடிக்கு விடுப்பு மறுத்தார். என்னிடம் வேலை கற்றவருக்குப் பதவி உயர்வு கொடுத்தார். எல்லோர் முன்னிலையிலும் என்னைத் திட்டினார். கையெழுத்துப் போட்டு நிம்மதியாக இருப்பதா, வேலையை விட்டுவிட்டு ஓய்வூதியப் பணத்தை எடுத்துக்கொள்வதா, அவர்மீது மானநஷ்ட வழக்குப் போடுவதா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கையெழுத்துப் போடாதீர்கள். வேலையையும் விடாதீர்கள். மானநஷ்ட வழக்கை மறந்துவிடுங்கள்.

விடுப்பு, பதவி உயர்வு, திட்டு ஆகியவற்றையும் உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவை அனைத்தும் நடந்தவை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்; மனம் நொந்திருப்பீர்கள் என்பதும் புரிகிறது. ஆனால் இந்த 186,000 ரேண்டை யார் கட்டுவது என்ற கேள்விக்கு அவற்றில் ஒன்றும் விடை தராது. விசாரணையில் அவற்றை முன்வைத்தால், தவறை மறைக்கப் பகையைக் காட்டுகிறார் என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லும். சட்டத்தின் பார்வையில் உங்கள் விவகாரம் ஒரே இடத்தில் நிற்கிறது: இந்தத் தொகைக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று உங்கள் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா, இல்லையா?

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அந்தக் கையெழுத்து இல்லாமல் நகராட்சியால் எளிதில் செய்ய முடியாத மூன்று காரியங்களை அது ஒரே நாளில் சாத்தியமாக்கிவிடும். முதலாவது சம்பளப் பிடித்தம். 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, ஊழியர் ஏற்படுத்திய இழப்புக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், தவறு அவருடையதாக இருக்க வேண்டும், நியாயமான விசாரணை நடந்திருக்க வேண்டும், பிடிக்கும் தொகை உண்மையான இழப்பைத் தாண்டக் கூடாது, மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. இவை எல்லாம் இருந்தாலும், குறிப்பிட்ட அந்தக் கடனுக்காக ஊழியரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். அது இல்லாவிட்டால் நகராட்சி நீதிமன்ற உத்தரவைத் தேடிப் போக வேண்டியிருக்கும். விசாரணையே நடக்காத நிலையில் உங்களிடம் கேட்பது அந்தச் சம்மதத்தைத்தான். இரண்டாவது காலவரம்பு. இதுபோன்ற கடன் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். ஆனால் கடனை ஒப்புக்கொள்ளும் எந்தச் செயலும் அந்தக் காலத்தை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வைத்துவிடும்.

மூன்றாவது உங்கள் ஓய்வூதியம். என்னிடம் வழக்குக்கு வந்த கட்சிக்காரர்கள் மீண்டும் மீண்டும் விழுந்து எழ முடியாமல் போன குழி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஓய்வூதிய நிதிச் சட்டத்தின் 37டி பிரிவு, திருட்டு, நேர்மையின்மை, மோசடி, ஒழுங்கீனம் ஆகியவற்றால் முதலாளிக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ஊழியரின் ஓய்வூதியப் பயனிலிருந்து கழித்துக்கொள்ள இடம் தருகிறது. அதற்கு இரண்டில் ஒன்று வேண்டும்: நீதிமன்றத் தீர்ப்பு, அல்லது ஊழியர் தன் பொறுப்பை எழுத்தில் ஒப்புக்கொண்ட ஆவணம். வெறும் கவனக்குறைவு இந்தப் பிரிவுக்குள் வராது. இங்கே சொல்லப்படும் ஒழுங்கீனத்தில் நேர்மையின்மை கலந்திருக்க வேண்டும் என்பதை, நம் தென்கரையில் இருந்த ஸ்காட்பர்க்–உம்சிண்டோ உள்ளாட்சி தொடர்பான வழக்கில் டர்பன் உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது. அது 2000ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. இப்போது நீங்கள் அனுப்பிய பத்திரத்தின் இரண்டாவது பத்தியை மறுபடியும் படியுங்கள். "நடைமுறையை நன்கு அறிந்திருந்தும் அதற்கு மாறாகச் செயல்பட்டு நகராட்சிக்கு இழப்பை ஏற்படுத்தினேன்" என்று அது உங்கள் வாயால் சொல்ல வைக்கிறது. உங்கள் மின்னஞ்சல் கவனக்குறைவு என்றுதான் சொன்னது. இந்தப் பத்திரமோ தெரிந்தே செய்ததாகச் சொல்கிறது. கவனக்குறைவாக மட்டும் இருந்தால் உங்கள் ஓய்வூதியத்தை நெருங்க முடியாத நகராட்சிக்கு, அந்த ஒரு வாக்கியம் வழி திறந்துவிடும். மாதம் 4,000 ரேண்ட் என்ற தவணையைப் பார்த்துவிட்டுப் பலர் இந்தப் பத்தியைப் படிப்பதே இல்லை.

பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேலையை விடுவது இன்னும் பெரிய ஆபத்து. இடையில் எடுக்கக்கூடிய சேமிப்புப் பகுதியைத் தவிர, பணியில் இருக்கும்வரை உங்கள் ஓய்வூதியப் பயன் கொடுபடும் நிலைக்கே வருவதில்லை; ராஜினாமா செய்யும் நாளில்தான் அதன் பெரும்பகுதி கைக்கெட்டும் பணமாகிறது, அன்றைக்கே முதலாளி அதை நிறுத்தி வைக்கச் சொல்லி நிதிக்குக் கடிதம் எழுதலாம். முதலாளியின் கோரிக்கை முடிவாகும்வரை நிதி அப்படி நிறுத்தி வைக்கலாம் என்று மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. சம்பளமும் போய், ஓய்வூதியமும் முடங்கி, வழக்கு எப்போது முடியும் என்று காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் நிதி எந்தச் சட்டத்தின் கீழ் பதிவானது, அதன் விதிகளில் கழிவு பற்றி என்ன இருக்கிறது என்பதை நிதி அலுவலகத்தில் இந்த வாரமே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். வேலையில் நீடிக்க முடியாதபடி செய்துவிட்டார்கள் என்று சொல்லி வெளியேறிய பின் வழக்குத் தொடுப்பதும் உங்களுக்கு உதவாது. ஒழுங்கு நடவடிக்கைக்கு அஞ்சிப் போனவர் என்றே அது முடியும்.

அந்த மின்னஞ்சல் உங்களுக்குப் பாதகமானதுதான், ஆனால் சரிசெய்ய முடியாதது அல்ல. நடைமுறையில் ஒரு தவறு நடந்தது என்று ஒப்புக்கொள்வதும், இத்தனை ரேண்டுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று ஒப்புக்கொள்வதும் வெவ்வேறு. இனி இதைப் பற்றி மேலாளருக்கு ஒரு வரிகூட எழுதாதீர்கள். வாட்ஸாப் செய்தியும் எழுத்துதான்.

உங்கள் வழக்கின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, வேண்டுமென்றே மட்டுமல்ல, கவனக்குறைவாக வீண் செலவைச் செய்த அல்லது அனுமதித்த அலுவலரையும் பொறுப்பாக்குகிறது. நீங்கள் அனுப்பிய பிரதிகளில், மேற்பார்வையாளர் நிரப்பிய விபத்து அறிக்கையான டபிள்யூ.சி.எல்.2 படிவம் திங்கட்கிழமை காலை வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொல்கிறது. மருத்துவரின் முதல் அறிக்கையான டபிள்யூ.சி.எல்.4, வார இறுதியில் பந்து விளையாடியபோது முழங்கால் திரும்பியதாக நோயாளி சொன்னார் என்கிறது. இரண்டிலும் உங்கள் அலுவலக முத்திரை ஒரே தேதியில் விழுந்திருக்கிறது. அதாவது, பணம் கொடுக்கப் பரிந்துரைத்த நாளில் இந்த முரண்பாடு உங்கள் மேசையில் இருந்தது. மேலாளர் வாயால் சொன்னார் என்பதற்குச் சாட்சி இல்லாத நிலையில், இந்த இரண்டு தாள்களையும் குறுக்கு விசாரணையில் வைத்தால் கவனக்குறைவு இல்லை என்று நிலைநாட்டுவது கடினம். ஆகையால் இதைக் கடைசிவரை எதிர்த்துப் போராடச் சொல்ல மாட்டேன். சமரசம் செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஆனால் எதைச் சமரசம் செய்வது என்பதில் கவனம் வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையை முடித்துக்கொள்ளும் அதிகாரம் உங்கள் மேலிடத்துக்கு உண்டு. பணத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் மேலாளருக்கு இல்லை. அதே 32ஆம் பிரிவின்படி, மன்றக் குழு விசாரித்த பின் நகராட்சி மன்றம்தான் அதை வசூலிக்க முடியாதது என்று சான்றளித்து நீக்க முடியும். "குற்றத்தை ஒப்புக்கொள், பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பி ஒப்புக்கொண்டவர்கள் பலரை, ஆறு மாதம் கழித்து மன்றக் குழுவின் கடிதம் தேடி வந்திருக்கிறது. மேலாளர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவரால் கொடுக்க முடியாததை அவர் கொடுத்தார், அவ்வளவுதான்.

எனவே நகராட்சி ஊழியர் சங்கங்களான சாம்வு, இமாட்டு ஆகியவற்றில் நீங்கள் உறுப்பினராக உள்ள சங்கத்தின் வழியாக, "உரிமைகளுக்குப் பங்கமின்றி" (அதிலுள்ளதை ஒப்புதலாக உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாதபடி) என்று தலைப்பிட்டு ஒரு கடிதம் கொடுங்கள். ஆணையரின் முடிவு வருமுன் பணம் கொடுக்கப் பரிந்துரைத்த நடைமுறைத் தவறுக்காக எழுத்து எச்சரிக்கையை, தேவைப்பட்டால் இறுதி எச்சரிக்கையையே, ஏற்கத் தயார் என்றும், நேர்மையின்மை எதுவும் இல்லை என்பது பதிவாக வேண்டும் என்றும், தொகைக்கான பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை, அது மன்றக் குழுவின் விசாரணைக்குப் போகட்டும் என்றும் அதில் இருக்கட்டும். பணம் கொடுக்க இறுதி அனுமதி யாருடைய பெயரில் கணினியில் பதிவாகியிருக்கிறது என்று அந்தக் குழு கேட்கும். பரிந்துரைத்தது நீங்கள், அனுமதித்தது வேறொருவர். அந்த இடத்தில்தான் அது உங்களுக்கு உதவும்.

இன்னொன்று, உங்கள் தொழிலிலேயே உங்களுக்குத் தெரிந்தது: ஆணையரின் மறுப்பு முடிவான முடிவு அல்ல. கொய்டா எனப்படும் தொழில் காய இழப்பீட்டுச் சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி அந்தத் தொழிலாளி 180 நாட்களுக்குள் ஆட்சேபணை தாக்கல் செய்யலாம். அது வென்றால் கொடுத்த பணம் கொடுக்க வேண்டிய பணமாகிவிடும், இழப்பு என்பதே இருக்காது. அந்தக் காலம் முடியுமுன் இழப்பு இவ்வளவு என்று எப்படி உறுதி செய்தார்கள் என்று உங்கள் கடிதத்தில் கேளுங்கள். ஆனால் நீங்களே அவரை அணுகி ஆட்சேபணை போடச் சொல்லாதீர்கள்; கோரிக்கையைக் கையாண்ட அலுவலர் தன் நலனுக்காகச் செய்தார் என்று அது இரண்டாவது குற்றச்சாட்டாகிவிடும். சங்கம் அவருக்குச் சொல்லலாம்.

கோப்பைப் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள் என்று சொல்ல வந்தேன். ஏற்கனவே எடுத்து எனக்கும் அனுப்பிவிட்டீர்கள். ஒருவரின் மருத்துவ அறிக்கை, தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் கூடுதல் பாதுகாப்புள்ள வகையைச் சேர்ந்தது. தற்காப்புக்காக எடுத்த பிரதியே பணிநீக்கத்துக்குக் காரணமாகலாம். அசல் குற்றச்சாட்டில் எச்சரிக்கையோடு தப்பியிருக்க வேண்டியவர்களுக்கும் அப்படி நேர்ந்திருக்கிறது. இனி எதையும் எடுக்காதீர்கள், வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்களுக்குத் தேவையான ஆவணங்களின் பெயரையும் தேதியையும் மட்டும் பட்டியலிட்டு, விசாரணையில் அவற்றை முன்வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் சம்மதமின்றிச் சம்பளத்தில் பிடித்தம் தொடங்கினால், சம்பளச் சீட்டைக் கையில் வாங்கிய அன்றே எனக்குத் தெரிவியுங்கள். தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகத் தாமதிக்கக் கூடாது. பணிநீக்கம் செய்தால், இத்தகைய தகராறுகளை விசாரிக்கும் உள்ளாட்சிப் பேரப் பேச்சு மன்றத்தில் முறையிட 30 நாட்கள்தான் அவகாசம். ஏழாம் நாள் முடிவதற்குள், கையெழுத்திடாத பத்திரத்தோடு சங்கத்தின் கடிதம் மனிதவளப் பிரிவில் கொடுக்கப்பட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுள்ள பிரதி உங்களிடம் இருக்க வேண்டும்.