‘நான் பாப்பான்னே கூப்பிட்டுக்கறேன்’

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 33 வயது. முதல் குழந்தை, இப்போது எட்டாம் மாதம். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசுதான் ஒரு பெயரில் மாட்டிக்கொண்டு தவிக்கிறது.

என் அப்பா சரக்குக் கப்பலில் இன்ஜினியர். மொத்தம் 31 வருடம். ஒன்பது மாதம் கப்பல், மூன்று மாதம் வீடு, மறுபடி கப்பல் என்றுதான் எங்கள் வீட்டுக் காலண்டர் ஓடியது. நான் பிறந்தபோதுகூட அவர் நடுக்கடலில்தான் இருந்தார். செய்தி கப்பலுக்குப் போய், நாலாம் நாள் அங்கிருந்து தந்தி வந்திருக்கிறது. அதில் என் பெயரும் ‘மிக்க மகிழ்ச்சி’ என்ற இரண்டு சொற்களும் மட்டும். அந்தத் தாள் இன்றும் என் ஆல்பத்தில் இருக்கிறது. மடிப்பெல்லாம் விட்டுப்போய், டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். ‘என் பேரு கடல்லேர்ந்து வந்தது’ என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்வேன். அவர் என்னை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது எனக்கு ஐந்து மாதம்.

பிறகு சாட்டிலைட் போன் வந்தது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கூப்பிடுவார். நிமிடத்துக்கு நிமிடம் காசு. முதலில் என்னைத்தான் கேட்பார். அன்று மதியம் கப்பல் இருந்த இடத்தை, அட்சரேகை இவ்வளவு, தீர்க்கரேகை இவ்வளவு என்று சொல்வார். நான் அட்லஸில் பென்சிலால் புள்ளி வைத்து, பழைய புள்ளியோடு ஸ்கேலால் கோடு இழுப்பேன். ‘இன்னிக்குத் தண்ணி எண்ணெய் மாதிரி அசையாம கெடக்குடா’ என்பார். ‘நேத்து ராத்திரி அலை நுரையெல்லாம் நீலமா மின்னிச்சு’ என்பார். எனக்குக் கடல் என்றால் அந்தக் குரல்தான். அம்மா பக்கத்திலேயே நிற்பார். அவர் கைக்கு ரிசீவர் போகும்போது அநேகமாக ஒரு நிமிடம்தான் மிச்சம் இருக்கும்.

ஓய்வு பெற்று மூன்று வருடம் வீட்டில் இருந்தார். போன வருடம் ஒருநாள் விடியற்காலை, தூக்கத்திலேயே மாரடைப்பு. 14 மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. ஏதோ ஒரு கப்பலில் இருக்கிறார், போன் வரும் என்றே தோன்றுகிறது.

குழந்தைக்குக் கடல் பெயர்தான் என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். அவர் ஊர் உலகத்துப் பெயரெல்லாம் தேடினார். லத்தீனிலிருந்து வந்த மரீனா, துருக்கியர்களின் டெனிஸ், பாலினேசிய மொழிகளின் மோவானா. ஜப்பானியர்களுக்குக் கடல் ‘உமி’யாம், நம் காதுக்கு அது வேறாகத்தான் விழும். கடைசியில் ‘ஆழி’யில் நின்றோம். பெண்ணோ ஆணோ, இருவருக்கும் பொருந்தும். ராத்திரியில் வயிற்றில் கைவைத்து ‘ஆழி, ஆழி’ என்று கூப்பிட்டுப் பார்க்கிறேன். சொல்லும்போதே அழுகை வருகிறது.

அம்மாவிடம் சொன்னேன். ஆழி என்றால் என்ன என்று கேட்டார். கடல் என்றேன். மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு, ‘முப்பத்தொரு வருஷம் என் வீட்டுக்காரரை அதுதான் வெச்சிருந்துச்சு. இப்ப பேரப்பிள்ளையையும் அது பேரச் சொல்லித்தான் கூப்பிடணுமா?’ என்றார். நான் ஏதோ பதில் சொல்லப் போனேன். ‘உங்க இஷ்டப்படி வைங்க. நான் பாப்பான்னே கூப்பிட்டுக்கறேன்’ என்று உள்ளே போய்விட்டார். மூன்று வாரமாக இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் சுயநலமாக நடந்துகொள்கிறேனா? பெயரை விட்டுவிடவா? சான்றிதழில் ஆழி, வீட்டில் வேறு பெயர் என்று கணவர் ஒரு யோசனை சொல்கிறார். அது சரிவருமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன இரண்டு வரிகள் என்னை விடவே இல்லை. ரிசீவர் அம்மா கைக்குப் போகும்போது ஒரு நிமிடம்தான் மிச்சம் இருக்கும் என்பது ஒன்று. உங்கள் பெயர் தந்தியில் வந்தது என்பது இன்னொன்று. அவற்றுக்கு வருகிறேன்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். இதில் சுயநலம் எங்கே இருக்கிறது? அப்பாவை இழந்த பெண், வயிற்றில் பிள்ளையோடு, அவர் குரல் இருக்கும் ஒரு சொல்லைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அவ்வளவுதான். அந்தச் சொல்லும் நல்ல சொல். ‘ஆழ்’ என்ற வேரிலிருந்து வந்தது, சின்னது, வாய் நிறைய வரும். மோதிரம், சக்கரம் என்றும் அதற்குப் பொருள் உண்டு. ஒரு சிரமம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் தமிழ் தெரியாதவர்கள் அந்த ‘ழ’வை ‘ஜ’ என்பார்கள், ‘ச’ என்பார்கள். பிள்ளை வாழ்நாள் முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ‘ழ’ உள்ள பெயர்க்காரர்கள் எல்லாரும் செய்வதுதான், பெரிய குறையில்லை.

இனி அம்மா. அவர் கடலை வெறுக்கிறார் என்று நினைத்து அதற்குச் சமாதானம் தேடுகிறீர்கள். ‘கடல் அவரை ஒன்றும் செய்யவில்லையே அம்மா, வீட்டில்தானே போனார்’ என்றுதான் அன்று சொல்ல வாயெடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவர் அதைச் சொல்லவே இல்லை. கொன்றது என்று சொல்லவில்லை, ‘வெச்சிருந்துச்சு’ என்றார். அது இழவுச் சொல் இல்லை, பங்காளிச் சண்டையில் வரும் சொல். தனக்குச் சேர வேண்டியதை இன்னொருவர் வைத்துக்கொண்டு அனுபவித்தால் அப்படித்தான் சொல்வோம்.

அமெரிக்கக் குடும்ப ஆலோசகர் பாலின் பாஸ், போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை 1970-களில் ஆராய்ந்தபோது ஒன்றைக் கவனித்தார். ஆள் இறந்துவிட்டால் அழுது தீர்க்கலாம். வீட்டில் இருந்தால் பேசலாம், சண்டை போடலாம். இரண்டும் இல்லாமல், மனதில் இருக்கிறார், ஆனால் எதிரில் இல்லை என்ற நிலை நீண்டுகொண்டே போனால், அந்தத் துக்கத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அதற்கு அவர் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். கப்பல்காரர் வீட்டிலும் இதன் சாயல் உண்டு. ஒன்பது மாதம் வீட்டின் ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் அம்மாவேதான். குழந்தைக்கு நடுராத்திரி ஜுரம் என்றாலும் குழாய் உடைந்தாலும் ஒற்றை ஆள். பிறகு அப்பா வருவார், மூன்று மாதம் வீடு விருந்து வீடாகும், பெட்டி நிறையப் பரிசு, பிள்ளை அப்பாவின் தோளைவிட்டு இறங்காது. தனியாக இருந்த ஒன்பது மாதத்தைப் பற்றிப் பேச அந்த மூன்று மாதத்தில் இடம் இருக்காது. வந்தவரிடம் குறை சொல்ல எந்த மனைவிக்கு மனம் வரும்? அம்மா ஓய்வுக்காலத்தை நம்பியிருந்திருப்பார். 31 வருடத்துக்கு அவருக்குக் கிடைத்தது மூன்று வருடம்.

இதே இழப்பு உங்களிடமும் இருக்கிறது, வேறு மாதிரி. போன் வரும் என்று தோன்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். வராமல் இருப்பதும், பிறகு ஒருநாள் கதவைத் தட்டுவதும் சிறு வயதிலிருந்தே உங்களுக்குப் பழக்கம். அதனால் மனம் இதையும் இன்னொரு பயணமாகவே கணக்கு வைத்திருக்கிறது. ஆனால் அப்பாவின் எந்தப் பயணமும் ஒன்பது மாதத்தைத் தாண்டியதில்லை, இது 14 மாதம். ஆழி என்று கூப்பிடும்போது வரும் அழுகை, அந்தக் கணக்கு தப்புவதை மனம் அறிந்துகொள்ளும் அழுகையாக இருக்கலாம். அழுங்கள், தடுக்காதீர்கள். அழுகையின் பாரம் பெயரில் ஏறாமல் இருந்தால் போதும். பெயரைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு அப்பாதான் நினைவுக்கு வருகிறாரா, அல்லது உள்ளே உதைக்கிற பிள்ளையும் வருகிறதா என்று கவனித்துப் பாருங்கள். பிள்ளை வரத் தொடங்கிவிட்டால் அந்தப் பெயர் பிள்ளையுடையதாகிவிட்டது என்று அர்த்தம்.

கணவரின் யோசனைக்கு வருவோம். பதிவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்பது எத்தனையோ வீடுகளில் நன்றாகவே ஓடுகிறது. உங்கள் வீட்டில் எனக்கு அது பிடிக்கவில்லை. நாலரை மாதக் குழந்தைகள் மற்றப் பெயர்களைவிடத் தங்கள் பெயரை அதிகம் உற்றுக் கேட்கின்றன என்று 1995-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த வயதில் பொருள் எங்கே தெரியும், ஒலிதான் தெரியும். பெயர் என்பது பிள்ளைக்கு முதலில் ஒரு குரல். பாட்டியின் வாயில் மட்டும் அந்த ஒலி வராது என்றால், காரணம் புரியும் முன்பே அது பிள்ளைக்குத் தெரிந்துபோகும். நீங்கள் மூவரும் பேசி முடிக்காத ஒன்றை அந்தச் சின்ன உயிர் சுமக்க வேண்டாம்.

அப்படியென்றால் பெயரை விட்டுவிடுவதா? அவசரப்பட்டு விடாதீர்கள். இப்போது விட்டால் அது அம்மாவுக்காகச் செய்த தியாகமாக உங்கள் மனதில் தங்கும். அம்மாவும் அதை அறிவார்.

இங்கே கொஞ்சம் வழி விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடலுக்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! பரந்து கிடப்பதால் பரவை, ஆரவாரம் நிறைந்ததால் ஆர்கலி, முந்நீர், புணரி, பௌவம், வாரி. இவையெல்லாம் தண்ணீரைப் பார்த்து வைத்த பெயர்கள். நெய்தல் மட்டும் வேறு. அது கடல் இல்லை, கடலும் கடல் சார்ந்த இடமும். அங்கே பூக்கும் பூவின் பெயரும் அதுதான். அந்த நிலத்துக்கு நம் இலக்கணம் வகுத்த உணர்வு இரங்கல். நெய்தல் பாட்டுகளில் ஓங்கி ஒலிப்பது, பிரிந்தவனை நினைத்துக் கரையில் வருந்துகிறவளின் குரல். உங்கள் அட்லஸில் அப்பாவுக்கு அத்தனை புள்ளிகள் இருந்தன. கரையில் நின்றவருக்கு ஒரு புள்ளியும் இல்லை.

உடனே ஆழியை விட்டு நெய்தல் என்று வையுங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அம்மாவின் துக்கத்தைப் பிள்ளைக்குப் பெயராக்குவதும் அதே சுமைதான். கடலைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கப்பலிலிருந்து பார்த்த கடல். கரையிலிருந்து பார்த்த கதை ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, அதை நீங்கள் இன்னும் கேட்கவில்லை. பிரசவத்துக்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள். குழந்தை வந்த பிறகு உங்களுக்கும் நேரம் இருக்காது, அம்மாவுக்கும் இருக்காது.

எப்படிக் கேட்பது? பெயர்ப் பேச்சை எடுக்காதீர்கள், சம்மதம் வாங்கப் போவதாகவும் போகாதீர்கள். அந்த எண்ணம் இருந்தால் அம்மா ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அவர் துணி மடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நாலு துணி நீங்களும் மடியுங்கள். நீங்கள் இப்போது எட்டாம் மாதம். அவரும் ஒரு காலத்தில் எட்டாம் மாதத்தில் இருந்தார், கணவர் எந்தக் கடலில் இருக்கிறார் என்று தெரியாமல். உங்களுக்கு ராத்திரியில் கால் மரத்துப்போனால் எழுப்ப ஆள் இருக்கிறது. அவர் யாரை எழுப்பினார் என்று கேளுங்கள். அழுதால் தேற்ற வேண்டாம். கோபப்பட்டால் அப்பாவுக்காக வாதாடவே வேண்டாம், அதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அப்பா நல்லவர் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஒருநாளில் முடியாது, நாலைந்து தடவை ஆகலாம்.

பேச்சு இளகி வந்த பிறகு அந்த ஆல்பத்தை எடுங்கள். தந்தித் தாளை இருவருமாகப் பாருங்கள். நீங்கள் பெருமையாகக் காட்டி வந்த அந்தத் தாளை அவர் என்ன மனதோடு கையில் வாங்கினார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒரு பெண் தனியாகப் பிள்ளை பெற்று, பெயருக்காக நாலு நாள் காத்திருந்தார். பெயர் கடலிலிருந்து வந்தது. 33 வருடம் கழித்து, பேரப்பிள்ளையின் பெயரும் முடிவான பிறகுதான் அவரிடம் வருகிறது, அதுவும் கடலின் பெயராகவே. ‘உங்க இஷ்டப்படி வைங்க’ என்பதை அவர் இரண்டாம் முறையாகச் சொல்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘அம்மா, இது வர்ற வரைக்கும் அந்த நாலு நாள் நீ என்ன என்ன பேர் சொல்லிக் கூப்பிட்ட?’

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்