உங்கள் படகுக்கு எந்தப் புரொப்பெலர்? கேள்வி பதில்

கொழும்பிலும் அதனை அண்டிய கரையோரங்களிலும் அவுட்போட் எஞ்சின் (படகின் பின்புறத்தில் வெளியே பூட்டும் எஞ்சின்) பாவிப்பவர்கள் கேட்ட கேள்விகளில், தண்ணீரைத் தள்ளிப் படகை ஓட்டும் புரொப்பெலரின் தெரிவு பற்றியவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

மட்டக்குளியிலிருந்து: ஐயா, 18 அடி பைபர் படகுக்கு 25 குதிரைவலு எஞ்சின் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். வேறொரு படகில் இருந்த புரொப்பெலரோடுதான் தந்தார்கள். படகு பாரமாக இழுபடுகிறது. புதிதாக வாங்கப் போனால் "என்ன நம்பர்?" என்று கேட்கிறார்கள்.

புரொப்பெலரின் குடத்திலோ (இதழ்கள் பொருந்தியுள்ள நடுப்பகுதி) இதழின் அடியிலோ 9⅞ × 13 என்பது போல இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது, இதழ் நுனிகள் வரையும் வட்டத்தின் விட்டம். இரண்டாவது பிட்ச், மரத்தில் இறங்கும் திருகாணியைப் போல நழுவாமல் சென்றால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்பதை அது சொல்கிறது. தண்ணீரில் நழுவல் இருந்தே தீரும். 10 முதல் 20 சதவீதம் சாதாரணமானது, பாரமான படகில் அதற்கு மேலும் போகும். விட்டத்தைப் பெரும்பாலும் எஞ்சின் தயாரிப்பாளரே தீர்மானித்துவிடுவதால், இவ்விரண்டில் உங்கள் கையில் இருக்கும் தெரிவு பிட்ச் மட்டுமே.

அதைக் குதிரைவலுவை வைத்தோ பக்கத்துப் படகைப் பார்த்தோ தெரிவு செய்யாதீர்கள். முழுமையாக முடுக்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றவேண்டும் என்ற எல்லை அதன் கைநூலில் இருக்கும். 25 குதிரைவலு எஞ்சின்கள் பலவற்றில் அது 5000 முதல் 6000 வரை. அதை அளக்க, பிளக் வயரில் சில சுற்றுச் சுற்றிக் கட்டும் சிறிய டாக்கோமீட்டர் (சுற்றுமானி) ஒன்று போதும், ஆனால் அதனை உங்கள் எஞ்சின் வகைக்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். தவறாக அமைத்தால் உண்மையான எண்ணின் பாதியையோ இரட்டிப்பையோ காட்டும். வழமையாக ஏற்றும் வலை, ஐஸ், எரிபொருள், ஆட்கள் எல்லாவற்றோடும், அலை அடங்கிய காலை நேரத்தில் முழு வேகத்தில் ஓடிப் பாருங்கள். 4600 தான் வருகிறது என்றால் பிட்ச் உங்கள் படகுக்கு அதிகம். ஓர் அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்றுக் கூடும். ஆகவே 13 இலிருந்து 11 அல்லது 10 க்கு இறங்கவேண்டும். சுற்று எல்லையைத் தாண்டினால் இதற்கு மாறாகப் பிட்சைக் கூட்டவேண்டும். எட்டாத சுற்றில் நாள்தோறும் எஞ்சினை வதைப்பது கரி படியவும் பிஸ்டன் சூடேறவும் வழிவிடும் என்பதால், இந்த ஒரு சோதனையை எவரும் தவிர்க்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

முகத்துவாரத்திலிருந்து: அண்ணா, நான் மண்ணெண்ணெயில் ஓடுகிறேன். இதே கணக்குத்தானா?

கணக்கு அதேதான் தம்பி, ஆனால் சோதனையை மண்ணெண்ணெயிலேயே செய்யவேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சினில் அமுக்க விகிதம், அதாவது எரியுமுன் எரிபொருள் கலவை அமுக்கப்படும் அளவு, குறைவு. அதே கொள்ளளவுள்ள பெற்றோல் எஞ்சினின் வலு அதில் கிடைக்காது. பெற்றோலில் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அதன் பிறகு வரும் எண்ணையே நம்புங்கள். 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறிய எரிபொருள் இது. பொருந்தாத புரொப்பெலரால் வீணாகும் ஒவ்வொரு லீற்றரும் உங்கள் உழைப்பிலிருந்தே போகிறது.

தெஹிவளையிலிருந்து: போகும்போது வெறும் படகு, வரும்போது மீன் பாரம். எதற்கு ஏற்ப வாங்குவது?

பாரத்துக்கு ஏற்பவே வாங்குங்கள். வெறும் படகாகப் போகும்போது சுற்று எல்லையைத் தாண்டப் பார்த்தால் சற்றுக் குறைத்து ஓட்டலாம். பாரத்தோடு திணறும் எஞ்சினுக்கு அப்படியொரு வழி இல்லை.

பிலியந்தலையிலிருந்து: பொல்கொட ஏரியில் ஓடும் சிறு படகுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கலாமா?

வேண்டாம். உருக்கு இதழ் மெல்லியது, வளையாதது, வேகத்துக்கு நல்லது. ஆனால் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் மரக்குற்றியில் மோதினால் அதிர்ச்சி கியர் வரை போகலாம். அலுமினிய இதழ் வளைந்தோ உடைந்தோ அந்த அடியின் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும்.

வத்தளையிலிருந்து: திடீரென எஞ்சின் அலறுகிறது, படகோ நகர மறுக்கிறது. புதிய புரொப்பெலர் வாங்கவேண்டுமா?

எப்போது அலறுகிறது என்பதை முதலில் கவனியுங்கள். திருப்பத்திலும் அலையிலும் மட்டும் என்றால், இதழ்கள் மேற்பரப்புக் காற்றை உறிஞ்சுகின்றன. புரொப்பெலருக்கு மேலேயுள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்தோடு ஒரே நேரில் இருக்கிறதா என்று பார்த்து, உயர்ந்திருந்தால் எஞ்சினை இறக்கிப் பூட்டுங்கள். நேராக ஓடும்போதும் அப்படியென்றால், குடத்துக்குள் இருக்கும் றப்பர் பிடி விட்டிருக்கக் கூடும். புரொப்பெலரின் பின்முகத்தில், உள்வளையத்திலிருந்து றப்பரைக் கடந்து வெளிக்குடம் வரை பெயின்றால் ஒரு நேர்கோடு வரைந்து, காயவிட்டு, பாரத்தோடு ஓடி வாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து விலகியிருந்தால் றப்பர் வழுக்குகிறது என்பது உறுதி; பல குடங்களில் றப்பரை மட்டும் மாற்றலாம். அதுவரை மெதுவாக ஓட்டிக் கரை சேரலாம்.

கல்கிசையிலிருந்து: நான்கு இதழ் நல்லதா?

அலையில் பிடிப்பும் அதிர்வின்மையும் கூடும், உச்ச வேகம் சற்றுக் குறையும். மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது பிட்சை ஓர் அங்குலம் குறைத்து வாங்குங்கள்.

கொச்சிக்கடையிலிருந்து: கல்லில் பட்டு இதழ் ஓரம் சிதைந்துள்ளது. அரத்தால் ராவிப் பாவிக்கலாமா?

சிறு பொளிவுகளை ராவலாம். இதழ் வளைந்திருந்தால், பிட்சை அளந்து நிமிர்த்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சமநிலை குலைந்த புரொப்பெலர் பெயாரிங்கையும் தண்டைச் சுற்றி ஒயிலைக் காக்கும் சீல் வளையத்தையும் தின்றுவிடும். கழற்றும் வேளையில் குடத்துக்குப் பின்னால் தண்டில் நைலோன் நூல் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது சீல் வளையத்தை அறுத்துக் கியர் ஒயிலுக்குள் கடல்நீரை விடும். ஒயில் பால்போல வெளுத்திருந்தால் சீல் வளையத்தை மாற்றாமல் கடலுக்குப் போகாதீர்கள். திரும்பப் பூட்டுமுன் தண்டின் பற்களில் நீர் கரைக்காத கிறீஸ் பூசி, நட்டுக் கழலாமல் பிடிக்கும் பிளவு ஊசியைப் புதிதாகப் போடுங்கள்.