மரங்களைப்போலத் தெரிகிறவர்கள்

"அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 38 வயது. திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. தினமும் பஸ்ஸில் போகும் வழியில் செங்கல் சூளைகள் இருக்கின்றன. ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்யும் குடும்பங்கள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, காய்கிற பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்ட ஒரு சிறுமியை ஜன்னல் வழியே பார்த்தேன். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மனதில் ஒரு பாரம். நான்கு வருடம் ஆகிவிட்டது. இது கர்த்தர் தந்த பாரமா, என் சொந்த ஆசையா என்று தெரியவில்லை. உபவாசக் கூட்டத்தில் எனக்காக ஜெபித்த ஊழியர் ஒருவர், 'தரிசனம் தெளிவாகும்வரை அடி எடுத்து வைக்காதே' என்றார். அடையாளம் கேட்டுக் காத்திருக்கிறேன். அவர்கள் பாஷையும் எனக்குத் தெரியாது. இந்தப் புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்தம், 'என் சமுகம் உனக்கு முன்பாகச் செல்லும்.' கணவர், 'உனக்குச் சரி என்று பட்டால் செய், நானும் வருகிறேன்' என்கிறார். எனக்குத்தான் தயக்கம் போகவில்லை. இது அவிசுவாசமா அக்கா?"

அன்புச் சகோதரிக்கு,

இல்லை. விசுவாசம் இல்லாதவர் நான்கு வருடம் ஒரே பாரத்தைச் சுமக்க மாட்டார், இரண்டாம் மாதமே மறந்திருப்பார். உங்களுக்கு இருப்பது பயம். தவறான இடத்தில் கால் வைத்துவிடுவோமோ, கர்த்தர் அனுப்பாத இடத்துக்குப் போய் அவமானப்படுவோமோ என்ற பயம். அவரை நேசிக்கிறவர்களுக்குத்தான் அந்தப் பயம் வரும். அதற்காக உங்களை நீங்களே குற்றப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அந்த ஊழியர் சொன்னதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். தரிசனம் முழுதாகத் தெளிந்த பிறகு நடந்தவர்களை வேதத்தில் தேடிப் பாருங்கள், மிகக் குறைவு. நடக்க நடக்கத் தெளிந்தவர்களே அதிகம்.

மாற்கு 8-ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதாவில் நடந்ததை இன்னொரு முறை மெதுவாக வாசியுங்கள். பார்வையில்லாத ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். இயேசு அவர் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப் போகிறார். கண் திறப்பதற்கு முன்பே அந்த மனிதர் நடந்தாயிற்று, எங்கே போகிறோம் என்று தெரியாமலே. பிறகு இயேசு அவர்மேல் கைகளை வைத்து, எதையாகிலும் காண்கிறாயா என்று கேட்கிறார். "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்கிறார் அவர். எவ்வளவு நேர்மையான பதில்! ஒன்றுமே தெரியவில்லை என்று அவர் சொல்லவில்லை. எல்லாம் தெரிகிறது என்று பொய்யும் சொல்லவில்லை. தெரிகிற அளவைச் சொன்னார். இயேசு மறுபடியும் கை வைத்தார். "யாவரையும் தெளிவாய்க் கண்டான்" என்று முடிகிறது அந்த வசனம்.

இதை நான் வீட்டிலேயே பார்த்தேன். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆன மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். "என்னம்மா தெரியுது?" என்றேன். "வெளிச்சம் தெரியுது, நீ நிக்கிறது தெரியுது" என்றார். அவ்வளவுதான். நேரம் பார்த்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருந்தோம். ஒரு வாரம் போயிருக்கும். காபி டம்ளரை நீட்டினேன், வாங்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?" என்று கேட்டு என் நெற்றி முடியை ஒதுக்கினார். அத்தனை நாளும் கூடவே இருந்தும் அவருக்கு நான் ஒரு உருவமாகத்தான் தெரிந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் நான் தெரிந்தேன்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் ஒன்று என் கண்ணில் பட்டது. நான்கு வருடமாக அந்தப் பிள்ளைகளை நினைத்து ஜெபிக்கிறீர்கள், ஆனால் ஒரு பிள்ளையின் பெயரும் அதில் இல்லை. பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் யாரும் மரத்தைப்போலத்தான் தெரிவார்கள். தெளிவு வேண்டும் என்று கேட்கிறீர்கள். மனுஷரை மனுஷராகப் பார்ப்பதுதான் அந்தத் தெளிவு. பஸ்ஸை விட்டு இறங்காமல் அது எப்படி வரும்?

அடையாளம் கேட்டுக் காத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அடையாளம் கேட்ட கிதியோனுக்குக் கர்த்தர் தோல்மேல் பனியைக் காட்டினாரே என்று நினைக்கிறீர்கள் போல. சரி, மோசேக்குக் கொடுத்த அடையாளம் என்ன என்று யாத்திராகமம் 3:12-இல் பாருங்கள். நான் உன்னை அனுப்பினேன் என்பதற்கு அடையாளம், ஜனங்களை நீ எகிப்திலிருந்து அழைத்துவந்த பின்பு இதே மலையில் நீங்கள் எனக்கு ஆராதனை செய்வீர்கள் என்கிறார். வேலையை முடித்துத் திரும்பி வந்த பிறகுதான் அந்த அடையாளத்தைக் காண முடியும்! பல வருடம் இந்தப் பகுதியை வாசித்தும் இது எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்ட நாளில் அடையாளம் கேட்பதை நிறுத்தினேன்.

பாஷை தெரியாது என்கிறீர்கள். மோசேயும் திக்குவாய் என்றுதான் சொன்னார். கர்த்தர் கேட்டதோ, "உன் கையிலிருக்கிறது என்ன?" உங்கள் கையில் கணக்கு இருக்கிறது. சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வாங்கிய முன்பணத்தை அதில்தான் கழிப்பார்கள். எத்தனை கல் அறுத்தோம், எவ்வளவு கழிந்தது, மீதி எவ்வளவு என்று எழுதிப் பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய பலம்! பெருக்கல் கணக்கைக் கல்லை அடுக்கியே காட்டலாம். ஒடியாவில் பத்து வரை எண்ணுவதை அந்தப் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

உங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வேலூர் மருத்துவக் கல்லூரியைப் பின்னாளில் நிறுவிய ஐடா ஸ்கடர் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். குடும்பமே மிஷனரிக் குடும்பம். அவருக்கு அதில் விருப்பமில்லை, அமெரிக்காவில் தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொள்ள நினைத்தவர். தாய்க்கு உடல்நலமில்லை என்று திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வாசலில் வந்து நின்றார்கள். மூவரின் மனைவிகளும் பிரசவ வேதனையில். ஐடாவின் தகப்பனார் மருத்துவர்தான், ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்றார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த இரவில் அவருக்கு வேலூர் மருத்துவக் கல்லூரி தெரியவில்லை. மூன்று முகங்கள் தெரிந்தன, தான் மருத்துவம் படிக்க வேண்டும் என்பது தெரிந்தது. 1899-இல் படிப்பை முடித்தார். 1900-இல் வேலூரில் ஒரு சிறிய அறையில், ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல்தான் வந்தது. அது தெளிவாகட்டும் என்று 1900-இல் அவர் காத்திருந்தால், படுக்கை போட்ட அந்த அறைகூட இருந்திருக்காது.

கர்த்தர் தந்த பாரமா, என் ஆசையா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று யார் சொன்னது? ஆசையைக் கொடுக்கிறவரும் அவர்தானே. இதை நினைக்கும்போது உங்கள் மனதில் யார் தெரிகிறார்கள் என்று பாருங்கள். மேடையும் சாட்சி சொல்லும் நீங்களும் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் ஜெபியுங்கள். உங்களுக்குத் தெரிவது தம்பியைத் தூக்கிய ஒரு சிறுமி. துரோவாவில் பவுல் கண்ட தரிசனத்திலும் "எங்களுக்கு உதவிசெய்யவேண்டும்" என்று ஒருவர் நின்று கேட்டார். தரிசனம் கண்டது பவுல் ஒருவர்தான், ஆனால் கர்த்தர் அழைத்தாரென்று "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்று எழுதுகிறார் லூக்கா. கூட இருந்தவர்களும் சேர்ந்துதான் நிச்சயித்தார்கள். உங்கள் கணவர் நானும் வருகிறேன் என்று சொன்னதை ஒரு வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். நீங்கள் கேட்ட உறுதிப்படுத்துதல் அதுவாக இருக்கலாமே.

நடைமுறைக்கு வருவோம். முதலில் சூளை மேலாளரிடம் அனுமதி கேளுங்கள். வட்டார வள மையத்தில் விசாரியுங்கள், பள்ளியில் சேராத பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சிக்கு அரசுத் திட்டத்திலேயே இடம் உண்டு. தனியாகப் போகாதீர்கள், கணவரோடு போங்கள். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம் போதும். இன்னொன்றையும் அன்போடு சொல்கிறேன்: வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கப் போனால் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொடுங்கள். அந்த ஏழைப் பெற்றோர் உங்களை நம்பிப் பிள்ளையை உட்கார வைப்பார்கள், அந்த நம்பிக்கைக்கு உண்மையாக இருப்பதும் ஆராதனைதான்.

தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மழைக்காலத்தில் கல் அறுக்க முடியாது, குடும்பங்கள் ஊருக்குத் திரும்பிவிடும். அடுத்த பருவத்துக்கு அதே குடும்பம் அதே சூளைக்கு வரும் என்று சொல்ல முடியாது. நீங்கள் முதலில் பார்த்த சிறுமி இப்போது எங்கே இருக்கிறாளோ. அவள் இடத்தில் இன்று இன்னொருத்தி கல் திருப்பிக்கொண்டிருப்பாள்.

"என் சமுகம் உனக்கு முன்பாகச் செல்லும்" என்ற வாக்குத்தத்த அட்டையை உங்கள் வேதாகமத்துக்குள் வைத்திருப்பீர்கள். முன்பாகச் செல்லும் என்றால் பின்னால் நீங்கள் நடக்க வேண்டும். வருகிற சனிக்கிழமை இரண்டு பேருமாக அந்த நிறுத்தத்தில் இறங்குங்கள். அன்று பாடம் நடத்த வேண்டாம், பேசிவிட்டு மட்டும் வாருங்கள். வந்து எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், அதில் ஒரு பிள்ளையின் பெயரை எழுதுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி நானும் ஜெபிக்கத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
அக்கா